தென்னேரிக் கணக்கு

வாலாஜாபாத்திலிருந்து சுங்குவார்சத்திரம் போகிற வழியில் ஊத்துக்காட்டைத் தாண்டியதும் காற்று மாறிவிடும். பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கி வழிகிறவர்கூட அங்கே விழித்துக்கொள்வார். அது தென்னேரி ஏரியின் காற்று. காஞ்சிபுரம் மாவட்டத்துப் பெரிய ஏரிகளைச் சொல்லச் சொன்னால் எங்கள் ஏரியை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. கார்த்திகையில் கரை தளும்ப நிற்கும்போது அலையடிக்கிற சத்தம் கேட்கும். கடைசிவரை கடலைப் பார்க்காத என் ஆயா, கடல் இதைவிடப் பெரிதாக இருக்க நியாயமில்லை என்றே நம்பியிருந்தாள். தொண்டைமான் இளந்திரையன் வெட்டிய ஏரி இது, திரையனேரிதான் தென்னேரி ஆயிற்று என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன் அவன், காஞ்சியிலிருந்து ஆண்டவன். அவன் வெட்டினானோ, பின்னால் வந்தவர்கள் வெட்டினார்களோ, வெட்டியவர்களுக்கு நிலத்தின் சரிவு துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

நான் பொருளியலில் முதுகலை படித்தது சென்னைப் பல்கலைக்கழகத்தில், சேப்பாக்கத்தில். 1990-இல் சேர்ந்து 1992-இல் முடித்தேன். ஆனால் அந்த இரண்டு வருஷத்தை நினைக்கும்போதெல்லாம் வகுப்பறைக்கு முன்னால் தென்னேரிக் கரைதான் கண்ணுக்கு வருகிறது. வாரம் முழுக்கச் சென்னையில் கேட்டதெல்லாம் சனி, ஞாயிறில் ஊருக்கு வந்து பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

தங்கியது திருவல்லிக்கேணி மேன்சனில். அறையில் நாலு கட்டில். ஒருவர் மருந்து கம்பெனி ரெப், மற்ற இருவர் பேங்க் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். பைகிராப்ட்ஸ் ரோட்டு நடைபாதைக் கடைகளில் பொருளியல் புத்தகங்கள் பாதி விலைக்குக் கிடைக்கும். கௌட்சோயியானிஸின் நுண்பொருளியல், தாமோதர் குஜராத்தியின் எகனாமெட்ரிக்ஸ், ருத்ர தத்-சுந்தரம் எழுதிய இந்தியப் பொருளாதாரம் எல்லாம் எனக்கு முன்னால் யார் யாரோ அடிக்கோடு போட்டுப் படித்தவை. பி.ஏ. வரை தமிழ் வழியில் படித்து வந்தவன் என்பதால் ஆங்கிலப் பத்திகளை இரண்டு மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது. மேன்சனில் வாய்விட்டுப் படித்தால் மற்றவர்களுக்குத் தொந்தரவு. சனிக்கிழமை பாரிமுனையில் பஸ் பிடித்து, பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியாக வீடு வந்து, சாயங்காலம் புத்தகத்தோடு கரைக்குப் போய்விடுவேன். அங்கே எவ்வளவு சத்தமாகப் படித்தாலும் கேட்க ஆளில்லை. கலங்கல் பக்கம் ஒரு புளியமரம், அதன் வேரில்தான் ஐ.எஸ்-எல்.எம். வளைகோடுகளை நான் போட்டுப் பழகினேன்.

பொருளியல் மாணவனுக்கு 1991-ஐப் போல இன்னொரு வருஷம் வாய்க்காது. மே 21-ஆம் தேதி இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அது நாங்கள் வாராவாரம் கடந்துபோகிற ஊர். ஊரில் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். அதே மாதம்தான் ஸ்டேட் பாங்கு மூலமாக 20 டன் தங்கம் வெளிநாட்டுக்குப் போனது. ஜூலையில் ரிசர்வ் வங்கி ஏறக்குறைய 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கிக்கு அனுப்பிக் கடன் வாங்கியது. ஜூலை 1-ஆம் தேதியும் 3-ஆம் தேதியும் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். 24-ஆம் தேதி மன்மோகன் சிங்கின் பட்ஜெட். இறக்குமதிக்குக் கொடுக்க இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் அந்நியச் செலாவணி இல்லை என்று பத்திரிகைகள் எழுதின.

இதை நான் ஆயாவிடம் சொன்னபோது அவள் பதறவில்லை. "நாடே நகையை வெச்சிடுச்சா? சரி, எந்த மாசம் மூக்கறாங்களாம்?" என்று கேட்டாள். எங்கள் பக்கம் அடகு வைத்ததை மீட்பதைப் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவளுடைய கல் அட்டிகை வருஷா வருஷம் ஆடியில் வாலாஜாபாத் அடகுக்கடைக்குப் போகும். விதைநெல், உழவு, நடவுக் கூலி எல்லாம் அந்தப் பணத்தில். அறுப்பு முடிந்து நெல் விற்றதும் அட்டிகை வீட்டுக்கு வரும். மாட்டுப் பொங்கலுக்குள் அது கழுத்தில் ஏறிவிட்டால் அந்த வருஷம் நல்ல வருஷம். ஏரி நிறையாத வருஷத்தில் வட்டியை மட்டும் கட்டி ரசீதைப் புதுப்பிப்பார்கள். இரண்டு வருஷம் தொடர்ந்து ஏரி நிறையாவிட்டால் நகை மூழ்கிப்போகும்.

"கையில காசு இல்லங்கறது வேற, வக்கில்லாம போறது வேற. விளைச்சல் வரும்னு தெரிஞ்சாதான் நகையை வைக்கணும்," என்றாள். சென்னையில் அந்த வாரம்தான் எங்கள் பேராசிரியர், ஒரு நாட்டுக்குப் பணப்புழக்கத் தட்டுப்பாடு வருவதற்கும் அது திவாலாவதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு மணி நேரம் விளக்கியிருந்தார். தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. ஆயா சொன்ன வரிசையிலேயே எழுதினேன்: வரவு எப்போது வரும், வருகிற வரை எப்படித் தாங்குவது, வராமல் போனால் எது மூழ்கும்.

நிதிப் பாடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது நிரந்தர ஆண்டுத்தொகை. வருஷத்துக்கு 100 ரூபாய் என்றென்றைக்கும் வரும், வட்டி விகிதம் 10 சதவீதம் என்றால் அந்த முடிவில்லாத வரவின் இன்றைய மதிப்பு 1,000 ரூபாய். பாடப்புத்தகத்தில் இதற்கு உதாரணம் பிரிட்டிஷ் அரசின் கன்சால் பத்திரங்கள். 18-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அந்தப் பத்திரங்களில் முதல் திரும்பாது, வட்டி மட்டும் தலைமுறை தலைமுறையாக வரும். 2015-இல்தான் மிச்சமிருந்தவற்றையும் கணக்குத் தீர்த்தார்கள்.

எங்கள் பக்கத்துக் கோயில் சுவர்களில் இந்தப் பாடம் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே இருக்கிறது. தொண்டை மண்டலத்துச் சோழர் காலக் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும்: ஒரு நந்தா விளக்கு எரிய 90 ஆடு அல்லது 96 ஆடு கொடுப்பார்கள். ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். அந்த ஆடுகளைக் கல்வெட்டு சாவா மூவாப் பேராடு என்கிறது. கிழடானதும் செத்ததும் போக, குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை எப்போதும் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்கு மேல் பெருகுவது அவருடைய உழைப்புக்கு. மூலதனம், தேய்மானம், நிர்வாகக் கூலி, காலவரையற்ற வருமானம் ஆகிய நான்கும் ஒரே ஏற்பாட்டில் அடங்கிவிட்டன. தென்னேரிச் சிவன் கோயில் பிராகாரத்தில் பாசி படிந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்துக்கொண்டு இதை யோசித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வட்டி என்பதை மேற்கிலிருந்து வந்த சரக்கு என்று நினைத்துக்கொண்டிருந்த பிரமை அன்றோடு போயிற்று.

எழும்பூர் மியூசியத்தில் உத்தம சோழனின் செப்பேடு இருக்கிறது, 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. காஞ்சி ஊரகத்துப் பெருமாள் கோயிலுக்கான பொன்னை ஊர்களிடமும் நகரத்துக் குடியிருப்புகளிடமும் வட்டிக்கு விட்டு, அந்த வட்டியில் பூசையும் திருவிழாவும் நடத்த அதில் ஏற்பாடு சொல்லியிருக்கிறது. கோயில் காரியத்தைக் கவனிக்கும் பொறுப்பு காஞ்சியின் நெசவாளர் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்களிடம் இருந்தது. நெசவாளர் கையில் ஊர்ப் பணத்தின் பொறுப்பு இருந்த காலம் அது. பின்னால் நான் ஆய்வேட்டுக்காக அலைந்த காலத்தில் நெசவாளர் கழுத்தில் அடுத்தவர் பணம் இருந்தது.

இரண்டாம் வருஷத்தில் ஆய்வேடு எழுத வேண்டும். என்ன எழுதுவது என்று தெரியாமல் பல்கலைக்கழக நூலகத்தில் அலைந்தபோது வழிகாட்டிப் பேராசிரியர் ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தார். கில்பர்ட் ஸ்லேட்டர் தொகுத்த சில தென்னிந்தியக் கிராமங்கள், 1918-இல் வந்தது. ஸ்லேட்டர் 1915-இல் இந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக இங்கிலாந்திலிருந்து வந்தவர். நாட்டைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டும், நாட்டைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்ற நிலையில் அவர் செய்த காரியம் எனக்கு இன்றைக்கும் மரியாதைக்குரியது. கேள்விப் பட்டியல் ஒன்றை அச்சடித்து மாணவர்கள் கையில் கொடுத்து, விடுமுறையில் அவரவர் ஊருக்குப் போய் வீடு வீடாகக் கேட்டு எழுதி வரச் சொன்னார். எத்தனை ஏர், எத்தனை மாடு, என்ன கூலி, யாரிடம் கடன், என்ன வட்டி. இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி என்ற ஊர்களின் கணக்குகள் அப்படித்தான் புத்தகத்தில் ஏறின.

தூசி என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. காஞ்சிபுரத்திலிருந்து பாலாற்றைத் தாண்டி வந்தவாசி ரோட்டில் போனால் வருகிற ஊர். எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கிற ஊர். அதன் பெயர் ஆக்ஸ்போர்டு அச்சில் இருக்கிறது! அதோடு நிற்கவில்லை. 1930-களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆராய்ந்து 1940-இல் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். 1980-களில் அடையாறு காந்தி நகரிலுள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து எஸ். குகனும் கே. பரதனும் தூசிக்கு மறுபடி போனார்கள். மால்கம் ஆதிசேஷையா 1971-இல் தொடங்கிய நிறுவனம் அது. ஓர் ஊரை எழுபது வருஷத்தில் மூன்று தலைமுறை ஆராய்ச்சியாளர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். உலகத்தில் அதிகம் ஊர்களுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது.

"உங்க ஊரை நீங்க எழுதுங்க," என்றார் பேராசிரியர்.

எழுதினேன். வயல் பக்கத்தை எனக்குத் தெரியும். தறிப் பக்கம்தான் புதிது. எங்கள் வட்டாரத்தில் ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை என்று தறிச்சத்தம் கேட்கிற ஊர்கள் வரிசையாக உண்டு. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த பையன்களில் பாதிப்பேர் வீட்டில் குழித்தறி. விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு விரித்துக் கஞ்சி போடுவதைப் பார்த்துக்கொண்டேதான் ட்யூஷனுக்குப் போவோம். ஆனால் வேடிக்கை பார்ப்பது வேறு, பக்கத்தில் உட்கார்ந்து கணக்குக் கேட்பது வேறு.

ஒரு வீட்டில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். நெசவாளர் அண்ணன் குழியில் கால் விட்டு மிதியை மிதித்துக்கொண்டிருந்தார். கோர்வைச் சேலை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம், இரண்டும் ஒவ்வோர் ஊடையிலும் கோத்துக்கொள்ள வேண்டும். அதனால் தறியின் மறுபக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித் தர வேண்டும். அங்கே உட்கார்ந்திருந்தது அவருடைய பையன், ஏழாம் வகுப்பு. அண்ணி திண்ணையில் தார் சுற்றினாள். இன்னொரு நாள் போனபோது பாவு முடிந்து புதுப் பாவு ஏறியிருந்தது. பழைய பாவின் இழையையும் புதுப் பாவின் இழையையும் எடுத்து, விரலில் சாம்பல் தொட்டு, ஒரே முறுக்கில் இணைத்து விட்டுக்கொண்டிருந்தாள். ஆயிரக்கணக்கான இழை. கண்ணை எடுக்கவில்லை, என்னோடு பேசிக்கொண்டும் இருந்தாள். ஓர் இழை மாறினால் சேலை முழுக்கக் கோடு விழும் என்றாள்.

"அண்ணி, உங்களுக்குக் கூலி எவ்வளவு?" என்று கேள்விப் பட்டியலில் இருந்ததைக் கேட்டேன்.

"எனக்கு எதுக்குத் தம்பி கூலி? சேலைக்குத்தான் கூலி."

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஓர் அத்தியாயம் எழுதினேன். கூலி சேலைக்குப் பேசப்படுகிறது. அதற்குள் அண்ணன், அண்ணி, பையன் மூன்று பேர் உழைப்பும் இருக்கிறது. தலைக்குப் பிரித்துப் பார்த்தால் வயலில் களை எடுக்கிற கூலிக்குக் கீழே வந்து நின்றது. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான், கூலியில்லாமல் குடும்பத் தொழிலிலோ நிலத்திலோ செய்கிற வேலையையும் வேலையாகச் சேர்த்துக் கேட்கும்படி கேள்வியைத் திருத்தியிருந்தார்கள். அப்படித் திருத்திய பிறகும் அந்தத் தெருவில் நான் கேட்ட பெண்களில் பலர், என்ன வேலை செய்கிறீர்கள் என்றால் வீட்டில் சும்மாதான் இருக்கிறேன் என்று தார் சுற்றிக்கொண்டே பதில் சொன்னார்கள். தேசிய வருமானம் என்ற அந்தப் பெரிய எண்ணின்மேல் எனக்கிருந்த பயம் அன்றைக்குப் போய்விட்டது.

அடுத்தது முன்பணம். பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார். கல்யாணம், காதுகுத்து, பிரசவம் என்று அவசரம் வந்தால் முன்பணமும் கொடுப்பார். அதற்கு வட்டி கிடையாது. வட்டியில்லாத கடன் என்று கேட்டதும் எனக்கு ஆச்சரியம். அண்ணன்தான் விளக்கினார்: பாக்கி இருக்கிற வரை வேறு முதலாளிக்கு நெய்ய முடியாது. கூலி கட்டுப்படியாகவில்லை என்று போக வேண்டுமென்றால், புது முதலாளி பழைய பாக்கியை அடைத்து அழைத்துக்கொள்ள வேண்டும். அடைத்ததும் அது இவரிடம் பாக்கி. ஆள் மாறலாம், பாக்கி மாறாது. அதனால் கூலியைக் கூட்டிக் கேட்க வாய் வராது. வட்டி எங்கே போயிற்று என்றால் கூலிக்குள் ஒளிந்துகொண்டது. அமித் பாதுரி 1973-இல் வங்காள விவசாயத்தை வைத்து, கடன் கொடுப்பவரும் நிலம் கொடுப்பவரும் ஒருவரே ஆகும்போது என்ன நடக்கும் என்று எழுதியிருந்தார். பிரணாப் பர்தன் அந்தச் சிக்கலை இன்னும் விரித்தார். அவர்கள் சமன்பாடுகளில் எழுதியதை அண்ணன் மிதியை நிறுத்தாமல் சொல்லி முடித்தார்.

இதற்கு மாற்று இல்லாமல் போகவில்லை. பிரடெரிக் நிக்கல்சன் 1890-களில் சென்னை மாகாணத்துக்குக் கூட்டுறவுக் கடனைப் பரிந்துரைத்து எழுதினார். 1904-இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் இந்தியாவிலேயே முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது அதே 1904 அக்டோபரில், காஞ்சிபுரத்தில். எம்.ஏ. வகுப்பில் கூட்டுறவு என்றதும் ஜெர்மனியின் ரைபைசன், இங்கிலாந்தின் ராச்டேல் என்று தொடங்குவோம். காஞ்சிபுரம் அந்த வரிசையில் சொல்லப்படவில்லை. பின்னால் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. சங்கத்துப் பாஸ்புத்தகம் வைத்திருந்த நெசவாளர் வீட்டுப் பேச்சே வேறு மாதிரி இருந்தது. கூலி எழுத்தில் இருந்தது. தீபாவளிக்குப் போனஸ் இருந்தது. ஆனால் சங்கத்தில் சேலை தேங்கினால் பாவு வராது, தறி காயும். அந்த நேரத்தில் மறுபடி முதலாளியின் திண்ணை.

எங்கள் பக்கத்துப் பொருளியல் பட்டதாரி ஒருவரைச் சொல்லாமல் இந்த நினைவு நிறையாது. காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் 1909-இல் பிறந்து, பச்சையப்பன் கல்லூரியில் 1934-இல் பொருளியலும் அரசியலும் ஆனர்ஸ் படித்து முடித்த அண்ணாதான் அவர். அவர் படித்த பொருளியல் எங்கே தெரிகிறது என்று கேட்டால் 1953-ஐச் சொல்வேன். கைத்தறித் துணி விற்காமல் மலைபோல் தேங்கி நெசவாளர்கள் பட்டினி கிடந்தபோது, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி விற்றார். தேவையைத் தூண்டாமல் உற்பத்தியைக் காப்பாற்ற முடியாது என்று கெயின்ஸ் எழுதியதற்குப் பொருந்துகிற காரியம் அது. காஞ்சியில் அவருடைய வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த நாளில் அங்கே போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தேன். நெசவாளர் வீட்டுப் பிள்ளை பொருளியல் படித்தார் என்பதே எனக்குப் போதுமான தைரியமாக இருந்தது.

ஏரிக்கு வருகிறேன். காரட் ஹார்டின் 1968-இல் எழுதிய பொதுச்சொத்தின் அவலம் என்ற கட்டுரை எங்களுக்குப் பாடம். பொதுவில் கிடக்கிற மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் தன் மாட்டைக் கூட்டிக்கொண்டே போவார்கள், கடைசியில் நிலம் அழியும் என்பது அதன் சாரம். வகுப்பே தலையாட்டியது. எனக்கு மட்டும் எங்கள் நீர்க்கட்டி நினைவுக்கு வந்தார். ஏரி எல்லாருக்கும் பொது. அது எத்தனையோ நூற்றாண்டாக அழியாமல் இருக்கிறதே?

மதகைத் திறப்பதும் மூடுவதும் நீர்க்கட்டியின் வேலை. வாய்க்காலில் தண்ணீர் எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்பது அவர் முடிவு. தண்ணீர் குறைந்த வருஷம் ஊர் கூடும். எந்த மடைக்கு எத்தனை நாள், அவரவர் எவ்வளவு நடலாம் என்று பேசுவார்கள். நிலம் அதிகம் இருப்பவரும் பரப்பைக் குறைத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். மம்பட்டியோடு ராத்திரி போய் வாய்க்காலை வெட்டிவிட்டவருக்கு அபராதம் உண்டு, மறுநாள் ஊர் முழுக்கப் பேச்சு உண்டு, பேச்சுதான் பெரிய தண்டனை. நீர்க்கட்டிக்குக் கூலி பணத்தில் கிடையாது. அறுப்பு முடிந்ததும் களத்திலேயே நெல் அளப்பார்கள். விளைந்தால்தான் அவருக்கும் நெல். அத்தனை பேர் தண்ணீரையும் கையில் வைத்திருந்த அவருக்கு ஆயக்கட்டில் ஒரு சென்ட் நிலம் இல்லை. ஊர்க்கூட்டத்தில் அவர் நின்றுகொண்டுதான் பேசினார். நிலமில்லாதவர் என்பதால் பாரபட்சம் பார்க்க மாட்டார் என்று ஊர் நம்பியது. அந்த நம்பிக்கைக்கு அடியில் இருந்த அநியாயத்தைச் சொல்லாமல் அந்த ஏற்பாட்டைப் புகழ எனக்கு மனமில்லை.

உத்திரமேரூர் கல்வெட்டு எங்களுக்குப் பக்கத்தில்தான். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது. குடவோலை போட்டு ஆள் எடுப்பதை எல்லாரும் சொல்வார்கள். எடுத்த ஆட்கள் எந்த வேலைக்குப் போனார்கள் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன்னை உரைத்துப் பார்க்கும் பொன் வாரியம். நீரும் நாணயமும் ஒரே சபையின் பொறுப்பு. எலினார் ஆஸ்ட்ரமின் புத்தகம் 1990-லேயே வந்துவிட்டது, என் கைக்கு வந்தது படிப்பு முடிந்து வெகுகாலம் கழித்து. பொதுச்சொத்தை மக்கள் தாங்களே விதி போட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று பல நாட்டு உதாரணங்களோடு காட்டியிருந்தார். 2009-இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது, அந்தப் பரிசு பெற்ற முதல் பெண். அன்றைக்கு வந்த பத்திரிகையை எங்கள் நீர்க்கட்டியின் மகனிடம் காட்டி அதில் என்ன இருக்கிறது என்று சொன்னேன். "இதுக்குப் பரிசு குடுக்கறாங்களாண்ணே?" என்றான். அவன் அப்போது சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

ஏரியின் ஏற்பாடு எப்படித் தளர்ந்தது என்பதையும் நான் கண்ணால் பார்த்தேன். கிணறும் மோட்டாரும் வந்தன, மின்சாரம் இலவசமானது. சொந்தக் கிணறு இருப்பவருக்கு ஏரித் தண்ணீர் துணைக்குத்தான். முதலில் அவர்கள் ஊர்க்கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார்கள். பிறகு வாய்க்கால் தூர்வார ஆள் அனுப்புவதை நிறுத்தினார்கள். கிணறு இல்லாதவர்கள் மட்டும் மிஞ்சினார்கள், அவர்கள் பேச்சுக்குப் பலம் இல்லை. பாலாற்றுப் படுகை ஏரிகளைப் பற்றி எஸ். ஜனகராஜன் எழுதியதைப் படித்தபோது எங்கள் தெருக்காரர்கள் ஒவ்வொருவராக அதில் நடந்து போனார்கள். 2017-இல் அரசு குடிமராமத்து என்று மறுபடி தொடங்கியது. பெயர் திரும்பி வந்தது. கூட்டம் திரும்பி வரவில்லை.

ஏரி தளர்ந்த அதே காலத்தில் ஆலைகள் வந்தன. ஹூண்டாய் 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்கத் தொடங்கியது. நோக்கியா 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் வந்து 2014-இல் மூடிப் போனது. அதற்கிடையில் சுங்குவார்சத்திரத்திலும் ஒரகடத்திலும் ஆலைகள். விடியற்காலையில் பாவு விரித்த தெருவில் கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. கோர்வைக்குக் கரை நாடா தள்ளிய அந்தப் பையன் இப்போது ஷிப்டு சூப்பர்வைசர், சொந்த வீடு கட்டிவிட்டான். அவன் தறியை விட்டான் என்று நான் வருந்த மாட்டேன். பாக்கிப் புத்தகத்திலிருந்து அவன் குடும்பம் வெளியே வந்தது அந்தச் சம்பளத்தில்தான். வருந்துவதற்கு வேறு இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுச் சேலைக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், விலை ஏறியது, பெயர் உலகமெல்லாம் போயிற்று. அண்ணியின் விரலுக்கு அதில் என்ன பங்கு என்று யாரும் கணக்குப் போடவில்லை. இப்போது பரந்தூர் விமான நிலையம். 2022 ஆகஸ்டில் அறிவித்த நாளிலிருந்து, அதற்கு நிலம் போகிற ஏகனாபுரத்துக்காரர்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். ஏக்கருக்கு என்ன விலை என்று எல்லாரும் பேசுகிறார்கள். வரவு-செலவுப் பகுப்பாய்வு படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஓர் ஏரி நிலத்தடியில் ஊறவைக்கிற தண்ணீருக்கும் வெள்ளத்தில் தாங்கிக்கொள்கிற தண்ணீருக்கும் அந்த விலையில் இடம் இல்லை.

என் அண்ணன் மகள் சென்னையில் நிதிப் பொருளியல் முதுகலை படிக்கிறாள். நான் படித்ததைவிடக் கணக்கு அதிகம், கணினி அதிகம். பங்குச் சந்தை ஏற்ற இறக்கத்தை வைத்து ஆய்வேடு எழுதலாம் என்றிருந்தாள். தரவு கம்ப்யூட்டரிலேயே கிடைக்கிறது, வீட்டைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. "சித்தப்பா, ஊர்ல போய்க் கேட்டா யார் பதில் சொல்லுவாங்க?" என்றாள்.

தூசிக்கு மூன்று தலைமுறைக் கணக்கு இருக்கிறது. தென்னேரிக்கு என் ஆய்வேடு ஒன்றுதான், அதுவும் தட்டச்சு செய்த ஒற்றைப் பிரதி. அதை அவளிடம் கொடுத்தேன். பொங்கல் விடுமுறைக்கு அவள் ஊருக்கு வந்து என் கேள்விப் பட்டியலையே எடுத்துத் திருத்தினாள். "யாரிடம் கடன்" என்று நான் கேட்ட இடத்தில் அவள் மகளிர் சுயஉதவிக் குழு, நகைக்கடன் கம்பெனி, மைக்ரோ பைனான்ஸ், செல்போன் ஆப் என்று நாலு கட்டம் போட்டாள். "வட்டி என்ன" என்பதற்குப் பக்கத்தில் "வாரத் தவணை தவறினால் வீட்டுக்கு யார் வருகிறார்கள்" என்று சேர்த்தாள். தறி இருக்கிறதா என்ற கேள்விக்குக் கீழே, இல்லையென்றால் தறிக்குழியை எந்த வருஷம் மூடினீர்கள் என்று எழுதினாள். என் பட்டியலில் இருந்த "வீட்டுத் தலைவர் பெயர்" என்பதை அடித்துவிட்டு, முதல் கேள்வியாக "இந்த வீட்டில் கணக்கு எழுதுவது யார்" என்று போட்டிருந்தாள். அந்த நெசவாளர் அண்ணி வீட்டிலிருந்துதான் தொடங்கப் போகிறாளாம்.